கிழக்குப் பார்த்து நின்ற வண்டி

போன மாதம் புது வண்டி ஒன்று எடுத்தேன். எங்கள் சின்ன டிராவல்ஸுக்கு இது மூன்றாவது. ஷோரூமில் மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றி, கைதட்டி எல்லாம் முடிந்த பிறகு நான் பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கைத் தேடினேன். இன்ஜினுக்குள் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கான நீளக் கம்பி அது. நுனியில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு இருக்கும். ஆயில் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். எங்கள் கார் ஸ்டாண்டில் அதைக் குச்சி என்றே சொல்வோம். குனிந்தும் எட்டிப்பார்த்தும் தேடிவிட்டேன், குச்சி இல்லை. வண்டியை ஒப்படைத்த பெண் சிரித்துக்கொண்டே, "இந்த மாடல்ல அது இல்லீங்க சார். ஸ்கிரீன்லயே காட்டிரும். நீங்க ஒண்ணும் பாக்க வேண்டியதில்லீங்க" என்றார். பின்னால் நின்றிருந்த என் மனைவி, "அப்பாடா" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் கருப்புக் கோடு விழாத துணி கிடையாது. பழைய பனியன், துண்டு, தலையணை உறை என்று எது கைக்குக் கிடைத்தாலும் குச்சியைத் துடைத்துவிடுவேன். பல் தேய்ப்பதற்கு முன்னால் குச்சி பார்ப்பவன் நான்.

திரும்பி வரும்போது தருமபுரி நாலு ரோட்டில் ஒரு பழைய ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். அது நீலமாகப் புகை விட்டது. டீசல் புகை கருப்பு. அது நமக்கெல்லாம் பழகிப்போனது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அந்த வாடை வேறு மாதிரி, கொஞ்சம் இனிப்பு கலந்த கருகல். மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு மூக்கில் ஒன்றும் ஆகவில்லை. கால்தான் தானாக ஆக்சிலேட்டரை விட்டு இறங்கியது. வண்டியை ஓரம் கட்டி இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஏன் அப்படி நின்றேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமானால் செல்வி டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு விஷயம். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. நாய், ஊசி, ரயில்வே கேட், கல்யாண வீட்டில் மைக்கைக் கையில் கொடுப்பது, எல்லாவற்றுக்கும் பயம். அப்படிப்பட்டவன் எப்படி டிரைவரானான் என்று கேட்டால், வேறு வேலை கிடைக்கவில்லை என்பதுதான் பதில். ஆனால் பாருங்கள், பாலக்கோடு ஸ்டாண்டில் அந்தப் பயமே எனக்குப் பிழைப்பாக இருந்தது. பிரசவத்துக்குப் போகிறவர்கள், ஆபரேஷன் முடிந்து வருகிறவர்கள், எண்பது வயது தாத்தாவைக் கூட்டிப்போகிறவர்கள் எல்லோரும் என்னைத்தான் கேட்டு வருவார்கள். அறுபதுக்கு மேல் போக மாட்டான், தைரியமாக ஏறலாம் என்று பெயர். மற்ற டிரைவர்கள் கிண்டலாக என் வண்டிக்கு 'ஆஸ்பத்திரிக் கட்டில்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். வெள்ளை நிற டீசல் கார். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டிக் கைமாறி வந்தது.

செல்வி டீச்சர் பக்கத்து ஊர் அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அப்போது முப்பத்தைந்து இருக்கும். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அந்தச் சமயத்தில் தருமபுரியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை, சேலத்தில்தான் கிடைத்தது. வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. முதல் மாதம் கூடவே வந்தார். அதற்கு மேல் லீவு போட்டால் வேலையே இருக்காது என்ற நிலை வந்ததும் என்னிடம் வந்து, "உன்ன நம்பித்தான் தம்பி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? அன்றிலிருந்து என் பயத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது.

செவ்வாய், வியாழன், சனி. விடிந்ததும் கிளம்பி, தருமபுரி, அதியமான்கோட்டை, தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம். நாலு மணி நேரம் அவர் மெஷினில் படுத்திருப்பார். நான் கீழே வண்டியில் உட்கார்ந்திருப்பேன். சாயங்காலத்துக்குள் வீடு. ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்று முதல் வாரமே அவரிடம் கேட்டுத் தொலைத்தேன். "தண்ணி வெளிய போறதுக்கு வழியில்ல. உள்ளயே சேந்து நெஞ்சுல ஏறும். மூச்சு முட்டும். அவ்ளோதான்" என்றார், பிள்ளைகளுக்கு முட்டைக் கணக்குச் சொல்கிற குரலில். அதற்கப்புறம் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பின் சீட்டில் அவருக்கு இடப்பக்க மூலை. மடியில் நீலமும் வெள்ளையுமாகப் பின்னிய வயர் கூடை. அதற்குள் ஒரு போர்வை, ஒரு பிஸ்கட் பாக்கெட், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். பாட்டிலில் பேனாவால் ஒரு கோடு கிழித்திருப்பார். அன்றைக்கு முழுவதும் அந்தக் கோடு வரைதான் குடிக்கலாம். இடது முழங்கையில் ஊசி போடுவதற்கென்று ரத்தக்குழாய்களை இணைத்திருந்தார்கள். அங்கே விரலை வைத்தால் உர்ரென்று ஓடுவது தெரியும். ஒரு நாள் என் விரலைப் பிடித்து அதில் வைத்து, "பாரு, எனக்கும் இன்ஜின் ஓடுது" என்றார். நான் கையை உதறியதைப் பார்த்து மெஷின் முடிகிறவரை சிரித்துக்கொண்டிருந்ததாக நர்ஸம்மா சொன்னார்.

அவருக்குத் தண்ணீரைவிடப் பெரிய ஏக்கம் தக்காளி. சிறுநீரகக்காரர்களுக்கு அது ஆகாது, இதயத்துக்கு ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பாலக்கோட்டில் இருந்துகொண்டு தக்காளி தின்னக் கூடாது என்றால் யோசித்துப் பாருங்கள். காலையில் நாங்கள் கிளம்பும்போது மார்க்கெட்டில் கூடை கூடையாக இறக்கிக்கொண்டிருப்பார்கள். டீச்சர் கண்ணாடியை இறக்கிவிட்டு அந்த வாசனையை மட்டும் இழுத்துக்கொள்வார். அந்த இடத்தில் மட்டும் நான் முப்பதில் போவேன்.

இப்படி ஏழெட்டு மாதம் ஒழுங்காகப் போனது. அந்தத் தை மாதம் நாங்கள் பாலக்கோட்டு வாடகை வீட்டை விட்டு, மலையோரம் அப்பா விட்டுப்போன நிலத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடி போனோம். டீச்சரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். நல்ல வீடு. வாசலில் தாராளமாக வண்டி நிறுத்தலாம். "வண்டி கெழக்கப் பாத்துத்தான் நிக்கணும்" என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். அதில் எனக்கும் மறுப்பு இல்லை. எங்கள் ஸ்டாண்டில் எல்லோருமே வீட்டில் அப்படித்தான் நிறுத்துவோம். காலையில் வெயில் முகத்தில் பட, ஒரு பத்தி கொளுத்தி, கிழக்கே பார்த்தபடி முதல் ஸ்டார்ட் போட வேண்டும். நோயாளியை ஏற்றுகிற வண்டி வேறு. நானே யாரும் சொல்லாமல் அப்படித்தான் நிறுத்தியிருப்பேன்.

குடி போன முதல் வாரமே குச்சி கீழ்க் கோட்டுக்கும் கீழே காட்டியது.

என்னடா இது என்று அரை லிட்டர் ஊற்றினேன். கோட்டுக்கு ஏறவில்லை. இன்னும் அரை லிட்டர் ஊற்றினேன். ஒரு வழியாக மேல் கோட்டுக்கு வந்தது. நாலு நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் இறங்கியிருந்தது. ஊற்றினேன். இறங்கியது. வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஆயில் இல்லாமல் இன்ஜின் ஓடினால் உள்ளே இரும்போடு இரும்பு உரசிச் சூடேறி அப்படியே இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற வண்டி ஓடுகிற இடத்திலேயே நிற்கும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில், முன்னால் ஒரு டிரெய்லர், பின்னால் ஒரு டேங்கர், நடுவில் நானும் டீச்சரும். இந்தப் படம் என் கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டது. காலையில் எழுந்ததும் அது, சோற்றில் கை வைத்தால் அது, வண்டி ஓட்டும்போதும் அதுதான்.

ஸ்டாண்டில் கேட்டேன். ஒருவர் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்றார். இன்னொருவர் வால்வு சீல் போய்விட்டது, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் புகை வருகிறதா பார் என்றார். மூன்றாமவர், "யார் தலையிலயாச்சும் கட்டிட்டு வேற வண்டி பாருப்பா" என்றார். நானும் சொன்னதையெல்லாம் செய்தேன். இன்ஜினுக்கு அடியில் அட்டையை விரித்து வைத்துக் காலையில் பார்த்தேன். சொட்டுக்கூட இல்லை, அப்படியானால் ஒழுகவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். தண்ணீரில் ஆயில் கலக்கவில்லை. சைலன்சருக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மை போலப் பிசுபிசுவென்று ஒட்டியது. ஆயில் எரிகிறது என்பது மட்டும் உறுதி. ஏன் எரிகிறது என்று தெரியவில்லை. தெரியாதவரை ஊற்று. டிக்கியில் எப்போதும் ஐந்து லிட்டர் கேன் ஒன்று வைத்திருந்தேன்.

டீச்சருக்கு நான் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்த்துவிட்டார். காலையில் ஏறும்போதே, "பாத்தாச்சா?" என்பார். நான், "பாத்தாச்சுங்க டீச்சர்" என்பேன். அதற்கப்புறம்தான் கதவைச் சாத்துவார்.

மாசி முடிகிற சமயம், ஒரு வியாழக்கிழமை, சேலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வரும்போது கணவாய் ஏற்றம். வெயில் இன்னும் இறங்கவில்லை. டீச்சர் மெஷின் முடிந்த களைப்பில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பாதி ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் மாறியது. நான் ஆக்சிலேட்டரை மிதிக்காமலே வண்டி வேகம் எடுத்தது. காலை முழுதாக எடுத்துவிட்டேன். வேகம் குறையவில்லை, ஏறியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோடே தெரியவில்லை. வெள்ளையும் நீலமுமாகப் புகை, அதற்குள்ளிருந்து ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.

கிளட்சை மிதித்தேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. பாரம் இல்லாததும் இன்ஜின் வீறிட்டது. பிரேக் போட்டு எப்படியோ ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். சாவியைத் திருப்பினேன். நிற்கவில்லை. சாவியை உருவிக் கையில் எடுத்துவிட்டேன். சாவி என் கையில் இருக்கிறது, இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. என் ஆயுசில் அதைவிடப் பெரிய பயத்தை நான் பார்த்ததில்லை. செத்துப்போன ஒன்று எழுந்து கத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"டீச்சர் எறங்குங்க, எறங்குங்க" என்று கத்தினேன். அவர் கூடையோடு இறங்கித் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குப் பின்னால் ஏறிவந்த கர்நாடக லாரி ஒன்று நின்று, டிரைவர் இறங்கி ஓடிவந்தார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் தோளில் ஓங்கி ஒரு அடி. "டாப் கியர் ஹாக்கு" என்று கன்னடத்தில் அதட்டினார். டாப் கியர் போடு என்கிறார்; எங்கள் பக்கத்துக்காரனுக்கு அந்த அளவு கன்னடம் புரியும். போட்டேன். பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு கிளட்சிலிருந்து சட்டென்று காலை எடுக்கச் சொல்லிக் கையால் காட்டினார். எடுத்தேன். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி, இன்ஜின் மூச்சடைத்து நின்றது.

அந்த அமைதியில் முதலில் கேட்டது என் பல் அடித்துக்கொள்ளும் சத்தம். லாரிக்காரர், ஆயில் இன்ஜினுக்குள் போய் டீசலுக்குப் பதில் அதுவே எரிந்திருக்கிறது, இனி ஸ்டார்ட் பண்ணாதே என்று சொல்லிவிட்டுப் போனார். பெயர்கூடக் கேட்கவில்லை.

நான் என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் நீட்டினேன். வாங்கினார். ஒரு வாய் ஊற்றி, கொப்பளித்து, அத்தனையையும் துப்பினார். "பயத்துல குடிச்சுப்புட்டா அப்புறம் யாரு எடுக்கறது" என்றார். அப்புறம் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து, "வரும்போது ஆச்சு, பரவால்ல. காலையில போகும்போது ஆயிருந்தா?" என்று கேட்டார். அதே கேள்விதான் எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் ஷெட் வைத்திருந்த மாதையனுக்குப் போன் பண்ணினேன். எனக்கு ஒரு வயது சின்னவன். வேலையில் கெட்டிக்காரன், வாய் மட்டும் ஓயாது. ஜீப்பில் வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான். டீச்சர் ஜீப்பில் முன்னால் உட்கார்ந்து வந்தார். ஷெட்டில் ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிப் போட்டிருந்த சீட்டில் அவரை உட்காரவைத்தோம். வேறு வண்டி பிடித்துத் தருகிறேன் என்றேன். "இருப்பா. என்னான்னு தெரிஞ்சுகிட்டுப் போறேன். நாளன்னிக்கு நாந்தான ஏறணும்" என்றார்.

மாதையன் முதலில் இன்ஜினிலிருந்து காற்று வெளியேறும் பிரீதர் ஹோஸைக் கழற்றினான். அதிலிருந்து ஆயில் கொடகொடவென்று கொட்டியது. புகை மட்டும் போக வேண்டிய குழாய் அது. "இதுவழியா ஏறித்தாண்ணா உள்ள எரிஞ்சிருக்குது" என்றான். அப்புறம் அடியில் பேசினை வைத்து நட்டைக் கழற்றி ஆயிலை இறக்கி, லிட்டர் பாட்டிலில் அளந்தான். நாலரை லிட்டர் பிடிக்கிற இன்ஜின். எரிந்தது போக ஆறு லிட்டருக்கு மேல் வந்தது. அவன் விரலில் தொட்டு மோந்து பார்த்தான், நெற்றியைச் சுருக்கினான்.

"ஆயில் தானா எப்படிணா பெருகும்? டீசல்தான் எங்கயோ கசிஞ்சு ஆயில்ல எறங்குது. பம்ப் போயிருக்கும். இன்ஜின பிரிச்சாத்தான் தெரியும், ஒரு மாசம் ஆயிடும்" என்றான்.

ஒரு மாசம். இங்கேதான் என் யோக்கியதையைச் சொல்ல வேண்டும். நான் ஊற்றிய கணக்கை அவனிடம் சொல்லவில்லை. தினமும் கேனைத் தூக்குகிறவன் என்று தெரிந்தால் ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்ஜினையே பிரித்தாலும் பரவாயில்லை, சிரிக்கக் கூடாது. பயந்தவனுடைய ரோஷம் அப்படிப்பட்டது.

டீச்சர் சீட்டில் சாய்ந்தபடியே, "நீ எவ்ளோ ஊத்துன?" என்றார்.

"கொஞ்சந்தாங்க டீச்சர்."

"கொஞ்சம்னா?"

"இந்த மாசம்... ஒரு கேனு ஆயி ரெண்டாவது ஓடுதுங்க."

மாதையன் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். டீச்சர் அவனைக் கையால் அடக்கிவிட்டு, "எங்க நிறுத்திப் பாப்ப?" என்றார்.

"வூட்டுலதாங்க. காலையில இன்ஜின் ஆறி இருக்கும்போதுதான பாக்கணும்."

"உங்க புது வூட்டு வாசல்லயா?"

"ஆமாங்க."

"நான் சாப்பிட்டனே, அந்த வாசலா? பந்தியில ரசம் ஊத்துனா எலையில நிக்காம அடுத்தவன் எலைக்கு ஓடுச்சே, அந்த வாசலா?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மாதையன்தான் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "கொழந்தைங்கள எடை போடறப்ப மெஷின் கோணலா நின்னா எடை தப்பாக் காட்டும். நாங்க செங்கல்லு வெச்சு மட்டம் பாத்துட்டுத்தான் ஏத்துவோம். நீ மேட்டுல மூஞ்சியத் தூக்கி நிறுத்திட்டு அளந்தா, உள்ள இருக்கற ஆயிலெல்லாம் பின்னாடி போயிராதா?"

உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். எங்கள் வாசலில் கிழக்கு மேடு, மேற்கு பள்ளம். மூக்கு மேட்டில் நிற்பதால் ஆயில் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறது. குச்சி முன்னால் இருக்கிறது. சரியாக இருக்கிற ஆயில் குறைவாகத் தெரிந்தது. நான் ஊற்றினேன். அதிகமான ஆயில் பிரீதர் வழியாக ஏறி எரிந்தது. எரிந்ததும் குச்சி இறங்கியது. நான் மறுபடி ஊற்றினேன். வண்டிக்கு ஒரு நோயும் இல்லை. என் பயம்தான் அதைக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தது.

"எனக்கும் இதே கதைதான். உள்ள சேந்தாத்தான் மூச்சு முட்டும்" என்று டீச்சர் சொல்லிவிட்டு, தன் பாட்டிலை எடுத்துக் கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடைக்குள் வைத்தார்.

அடுத்த நாள் முழுக்க மாதையன் காற்றுப் போகும் பைப்பெல்லாம் கழற்றி ஆயிலைத் துடைத்து, பிரீதர் வால்வு புதிதாகப் போட்டு, நாலரை லிட்டர் அளந்து ஊற்றினான். ஷெட்டின் சிமென்ட் தரையில் நிறுத்திக் குச்சியை உருவிக் காட்டினான். மேல் கோட்டில் கச்சிதமாக நின்றது. உள்ளே எதுவும் தேயவில்லை, தப்பித்தாய் என்றான். பிறகு மிச்சம் இருந்த கேனைப் பிடுங்கி ஷெட்டில் வைத்துக்கொண்டான். "போறப்ப வர்றப்ப இங்க நிறுத்தி நான் பாக்கறேன். நீ வூட்டுல பானெட்டத் தொடாத."

சனிக்கிழமை காலை தொடாமல் இருக்க முடியுமா? தொட்டேன். பார்த்தேன். குச்சி கீழ்க் கோட்டுக்கும் கீழே. காரணம் தெரியும். தெரிந்தும் வியர்த்துக் கொட்டியது. அறிவு ஒரு பக்கம் இருக்கட்டும், கண்ணுக்கு எதிரே கம்பி காய்ந்துபோய் இருக்கிறது. கேன் மட்டும் கையில் இருந்திருந்தால் நிச்சயம் ஊற்றியிருப்பேன். டீச்சர் ஏறும்போது, "பாத்தாச்சா?" என்றார். "பாத்தாச்சுங்க." "ஊத்துனியா?" "இல்லீங்க." "பயமா இருக்குதா?" "இருக்குதுங்க." "எனக்கும்தான். போ" என்று கதவைச் சாத்தினார்.

அன்று கணவாய் இறக்கத்தில் நாற்பதில் போனேன். ஸ்டீயரிங்கை நான் பிடித்த பிடியில் உள்ளங்கையில் தையல் தடம் பதிந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. ஷெட் தரையில் வாரம் முழுக்கப் பார்த்தோம். ஒரு நூல் அளவுதான் இறங்கியிருந்தது. அன்றிலிருந்து வீட்டில் வண்டியைத் தெருவிலேயே, சமதளத்தில், வடக்குப் பார்த்து நிறுத்தினேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்த வண்டி ஒரு நாள்கூட டீச்சரைக் கைவிடவில்லை.

இரண்டாவது வருஷக் கடைசியில் தக்காளி விலை விழுந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று டிராக்டரில் கொண்டுவந்து ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். மார்க்கெட்டுக்கு வெளியே சிவப்பாகக் குவிந்து கிடந்தது, மாடுகள் தின்றுகொண்டிருந்தன. சேலத்திலிருந்து திரும்பி அந்த வழியாக வந்தபோது டீச்சர், "நிறுத்தேன்" என்றார். நிறுத்தினேன். அப்போது அவர் ரொம்பவே இளைத்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடு. முழுங்க மாட்டேன். கடிச்சுத் துப்பிடறேன்."

கீழே இறங்கினேன். குனிந்து ஒன்றைக் கையில்கூட எடுத்துவிட்டேன். கெட்டியான பழம், வெயிலில் சூடாக இருந்தது. கணவாயில் தண்ணீரைத் துப்பியவர், இதையும் துப்பியிருப்பார். ஆனால் ஒருவேளை முழுங்கிவிட்டால், வீட்டுக்காரருக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று ஓடியது மனசு. பழத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்து ஏறி வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் அவரைப் பார்க்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவரே பேசினார். குரலில் கோபம் இல்லை, சிரிப்புத்தான் இருந்தது. "அன்னைக்கு பயந்துகிட்டே ஊத்துன. இன்னைக்கு பயந்துகிட்டே குடுக்கல. உனக்கு ரெண்டும் ஒண்ணுதான்பா."

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது, தூக்கத்திலேயே போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு எனக்குப் போன் வரவே இல்லை. வண்டி எங்கள் தெருவில் சமதளத்தில் நின்றுகொண்டிருந்தது, ஆயில் மேல் கோட்டில். நான் எத்தனை விதமாகப் பயந்தேனோ அதில் எதுவுமே நடக்கவில்லை.

இப்போது தருமபுரியிலேயே மெஷின்கள் இருக்கின்றன. கணவாய் இறங்க வேண்டியதில்லை. மாதையன் ஷெட் இருந்த இடத்தில் பிரியாணிக் கடை. எங்கள் வாசலை மண்ணடித்து, சிமென்ட் போட்டு மட்டமாக்கிவிட்டோம். ரசம் இலையிலேயே நிற்கிறது. வெள்ளை வண்டி யாரிடமோ போய், பிறகு எங்கோ உடைபட்டும் போயிற்று. புது வண்டியில் குச்சியும் இல்லை. காலையில் ஸ்டார்ட் போட்டதும் திரையில் பச்சையாக ஒரு வரி வருகிறது, ஆயில் சரியாக இருக்கிறதாம். பார்த்தாச்சா என்று யாரும் கேட்பதில்லை.

தக்காளி விலை விழுகிற நாட்களில் மட்டும் நான் மார்க்கெட் ரோட்டில் போவதில்லை. மனைவி கேட்டால் கூட்டம் என்று சொல்லிவிட்டு, நாலு கிலோமீட்டர் சுற்றிப் போய்விடுகிறேன்.